விளைவா, பெறப்படுவதா? ‘அதனால்’ என்பதற்கான ஆங்கிலச் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் முகப்பில், மாலை வேளைகளில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். கல்லூரி மாணவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், ஆத்தங்குடியில் தளக்கல் பட்டறை வைத்திருப்பவர்கள், சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் கடிதம் எழுத வேண்டிய கடைக்காரர்கள் என்று பலதரப்பட்டவர்கள் வருகிறார்கள். எவர் வந்தாலும் விளைவு, அதனால், ஆகவே என்ற சொற்களை ஆங்கிலத்தில் எழுதும் இடத்தில் ஒரே வகை ஐயங்களில் வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்ன விடைகளை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டுவிட்டேன்.

1. விளைவுன்னா கான்சிக்வென்ஸ், அவ்வளவுதானே சார்? இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு?

இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். ‘மழை பொய்த்தது, அதனால் ஊரணி வற்றியது.’ ‘ஊரணி வற்றியிருக்கிறது, அதனால் மழை பொய்த்திருக்க வேண்டும்.’ இரண்டிலும் ‘அதனால்’ வருகிறது. ஆனால் இரண்டாவது வாக்கியத்தில் ஊரணி வற்றியது மழையைப் பொய்க்க வைக்கவில்லை. முதல் வாக்கியத்தில் ஒரு நிகழ்ச்சி இன்னொரு நிகழ்ச்சியை உண்டாக்குகிறது. இரண்டாவதில் ஒரு செய்தியிலிருந்து இன்னொரு செய்தியை நாம் அறிந்துகொள்கிறோம். முன்னதை விளைவு என்றும், பின்னதை நம் உரையாசிரியர்கள் ‘என்பது பெறப்படும்’ என்று எழுதுவதை ஒட்டிப் பெறப்படுவது என்றும் இங்கே குறிக்கிறேன்.

ஆங்கிலத்தில் ரிசல்ட், எஃபெக்ட், அவுட்கம், ஆஃப்டர்மேத் ஆகியவை விளைவின் பக்கம் நிற்கும் சொற்கள். இம்ப்ளிகேஷன், இன்ஃபரன்ஸ், என்டெய்ல், கொரோலரி ஆகியவை பெரும்பாலும் பெறப்படுவதன் பக்கம் நிற்பவை. கான்சிக்வென்ஸ், ஃபாலோ, தேர்ஃபோர் என்ற மூன்றும் இரண்டு பக்கமும் போய் வருபவை. நம் ‘விளைவு’ வயலிலிருந்து வந்த சொல், விதைத்தது விளைகிறது. கான்சிக்வென்ஸ் என்பதன் லத்தீன் வேருக்குக் கூடவே பின்தொடர்ந்து வருதல் என்பது பொருள். பின்தொடர்வது நிகழ்ச்சியாகவும் இருக்கலாம், கருத்தாகவும் இருக்கலாம் என்பதால் அந்தச் சொல்லுக்கு இரண்டு வேலையும் பொருந்துகிறது. ‘விளைவு’ என்ற சொல்லுக்கு அது பொருந்துவதில்லை.

2. அப்போ ரிசல்ட், எஃபெக்ட், அவுட்கம், கான்சிக்வென்ஸ் நாலும் ஒண்ணா? எதை எங்கே போடுறது?

ஆத்தங்குடிக் கல் வார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, சாயக் கலவையை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் இட்டு நிரப்பி இறுக விடுகிறார்கள். இறுகுவதற்கு முன் ஒருவர் அவசரப்பட்டுக் கண்ணாடியை எடுத்துவிட்டார் என்று வையுங்கள். பூ வேலை கலைந்துபோயிற்று. அவர் செய்த காரியத்தின் ரிசல்ட் கலைந்த பூ. ஈரம் சாயத்தின் மேல் செய்த வேலை எஃபெக்ட். அன்றைக்கு வார்த்த கற்களில் எத்தனை தேறின, எத்தனை கழிந்தன என்ற முடிவு அவுட்கம். குறித்த நாளில் கல் போய்ச் சேராமல் வாடிக்கையாளர் வேறு பட்டறைக்குப் போனது கான்சிக்வென்ஸ்.

இதிலிருந்து ஒரு வரையறை கிடைக்கும். ரிசல்ட் நல்லதும் அல்லாத, கெட்டதும் அல்லாத பொதுச்சொல்; தேர்வு முடிவுக்கும் அதுவே, கூட்டல் கணக்கின் விடைக்கும் அதுவே. எஃபெக்ட் என்றால் ஒன்று மற்றொன்றின் மேல் செலுத்தும் தாக்கம். எப்படி முடியும் என்று முன்கூட்டித் தெரியாத ஒன்றின் முடிவு அவுட்கம். வழக்கு, தேர்தல், அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்கு இதைச் சொல்வார்கள். கான்சிக்வென்ஸ் சற்று நேரம் கழித்து, பெரும்பாலும் நாம் வேண்டாமலே, நம் வாசலுக்கு வந்து நிற்பது.

3. ‘பணம் வரத் தாமதமானால் கான்சிக்வென்சஸ் இருக்கும்’னு வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதினேன். அவுக கோவிச்சுக்கிட்டாக. நான் என்ன தப்பாச் சொன்னேன்?

கேட்டவர் தளக்கல் பட்டறைக்காரர். பணம் தாமதமானால் கல் அனுப்புவதும் தாமதமாகும் என்பதைத்தான் அவர் சொல்ல நினைத்தார். ஆனால் ‘தேர் வில் பி கான்சிக்வென்சஸ்’ என்று பன்மையில், இன்ன விளைவு என்று சொல்லாமல் எழுதினால், ஆங்கிலக் காதுக்கு அது மிரட்டலாகவே கேட்கும். ‘என்ன நடக்குமென்று பார்’ என்று நாம் விரலை ஆட்டிச் சொல்வதற்கு ஏறத்தாழ சமம் அது.

இத்தகைய இடத்தில் சொல்லைத் தேடுவதை விட விளைவையே பெயர் சொல்லி எழுதிவிடுவது நல்லது: ‘எ டிலே இன் பேமென்ட் வில் டிலே த ஷிப்மென்ட்.’ அவர் அப்படியே திருத்தி, ஒரு வருத்தச் சொல்லும் சேர்த்து மறுபடி எழுதினார். பதில் மரியாதையாக வந்தது. வழியோடு சொல்ல வேண்டிய இன்னொன்று, ‘ஆஃப் நோ கான்சிக்வென்ஸ்’ என்றால் விளைவு இல்லாதது என்று பொருளல்ல, முக்கியமில்லாதது என்று பொருள். ஒருவரைப் பற்றி அப்படி எழுதினால் அவமதிப்பு ஆகும்.

4. ரிசல்ட் இன், ரிசல்ட் ஃப்ரம் ரெண்டும் எனக்கு எப்பவும் மாறிப்போகுது.

‘இன்’ என்றால் முன்னோக்கிப் பார்வை. அடுத்து வருவது விளைவு. ‘ஃப்ரம்’ என்றால் பின்னோக்கிப் பார்வை. அடுத்து வருவது காரணம். அவசரம் ‘ரிசல்டெட் இன்’ கலைந்த பூ. கலைந்த பூ ‘ரிசல்டெட் ஃப்ரம்’ அவசரம். ‘லீட் டு’, ‘ஸ்டெம் ஃப்ரம்’ ஆகியவையும் இதே திசைக் கணக்கில் அடங்கும்.

5. எஃபெக்ட், அஃபெக்ட்: எதுக்கு ஈ, எதுக்கு ஏ?

நூற்றுக்குப் பெரும்பாலான இடங்களில் அஃபெக்ட் வினைச்சொல், எஃபெக்ட் பெயர்ச்சொல். மழை காய்ச்சலை ‘அஃபெக்ட்’ செய்தது. மழையின் ‘எஃபெக்ட்’ தெரிந்தது. இங்கே காய்ச்சல் என்று நான் சொல்வது கல்லைக் காயவைப்பதை. உடம்புக் காய்ச்சலுக்கும் வாக்கியம் பொருந்திவிடுவது தற்செயல்.

விதிவிலக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எஃபெக்ட் வினையாக வரும்போது நிகழச் செய்தல் என்ற பொருள் தரும். ‘எஃபெக்ட் எ சேஞ்ச்’ என்றால் மாற்றத்தை ஏற்படுத்துதல். ‘அஃபெக்ட் எ சேஞ்ச்’ என்று எழுதினால் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் மாற்றத்தைப் பாதித்தல் என்று ஆகிவிடும். அலுவலகக் கடிதங்களில் வரும் ‘வித் எஃபெக்ட் ஃப்ரம்’ என்பதற்கும் விளைவுக்கும் நேர்த் தொடர்பில்லை. இன்ன நாள் முதல் நடைமுறைக்கு வருகிறது என்பதே அதன் பொருள். ‘இன் எஃபெக்ட்’ என்றால் பெயர் எதுவானாலும் நடைமுறையில் அதுதான் என்று கொள்ளலாம்.

6. ஸோ, தேர்ஃபோர், ஹென்ஸ், தஸ். எல்லாம் ‘ஆகவே’தானே? எனக்கு ஹென்ஸ்தான் கம்பீரமா இருக்கு.

கம்பீரத்துக்காகச் சொல்லைத் தேர்ந்தால் கடிதம் நோட்டீஸ் போல ஆகிவிடும். ஸோ பேச்சுக்கும் நட்பான எழுத்துக்கும் உரியது. தேர்ஃபோர் காரணங்களை அடுக்கிவிட்டு முடிவுக்கு வரும் இடத்துக்கு உரியது. வடிவியல் வகுப்பில் முக்கோணமாக மூன்று புள்ளி வைத்தோமே, அது இதன் குறி. தஸ் என்பதற்கு முதற்பொருள் ‘இவ்வாறு’. ஆகவே, சொன்ன முறையில்தான் முடிவு அமைந்தது என்று காட்ட வேண்டிய இடத்தில் அது நன்றாக உட்காரும்.

ஹென்ஸ் என்பதன் அடிப்பொருள் ‘இங்கிருந்து’. ‘டென் டேஸ் ஹென்ஸ்’ என்றால் இன்றிலிருந்து பத்து நாள் கழித்து. மற்ற மூன்றிலும் அரிதாகவே காணும் ஒரு வசதி இதற்கு உண்டு: வினைச்சொல்லே இல்லாமல் பெயர்ச்சொல்லை மட்டும் பின்னால் நிறுத்தலாம். ஆத்தங்குடியில் செய்கிறார்கள், ‘ஹென்ஸ் த நேம்’. அந்த இடத்தில் ஹென்ஸ் உண்மையிலேயே அழகு. ‘ஹென்ஸ் வொய்’ என்று எழுதுவது, ‘ஆகவே அதனால்தான்’ என்று இரண்டு முறை சொல்வதாகும்.

நிறுத்தக்குறியிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸோ இரண்டு வாக்கியங்களை இணைக்கும் சொல். அதன் முன் காற்புள்ளி போதும். தேர்ஃபோருக்கு அந்த வலு இல்லை. அதன் முன் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வைக்காமல் காற்புள்ளி மட்டும் வைத்து எழுதுவது, நான் திருத்தும் கட்டுரைகளில் பாதிக்கு மேல் கண்ணில் படும் பிழை.

7. ‘ஆஸ் யூ ஆர் பிஸி, ஸோ ஐ வில் கம் லேட்டர்’னு எழுதினா வட்டம் போடுறீகளே, ஏன்?

தமிழில் ‘நீங்கள் வேலையாக இருப்பதால் ஆகவே நான் பிறகு வருகிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். காதே ஒப்பாது. காரணத்தின் பக்கம் ‘ஆஸ்’, ‘சின்ஸ்’, ‘பிகாஸ்’ என்று ஒரு கொக்கி மாட்டிவிட்டால் விளைவின் பக்கம் இன்னொரு கொக்கி வேண்டாம்.

8. இம்ப்ளை, இன்ஃபர்: ரெண்டுக்கும் அகராதியில ‘உணர்த்து, உய்த்துணர்’னு போட்டிருக்கு. யாரு உணர்த்துறது, யாரு உணருறது?

கேள்வியிலேயே விடை இருக்கிறது. சொல்பவர் இம்ப்ளை செய்கிறார். கேட்பவர் இன்ஃபர் செய்கிறார். முன்னதன் வேருக்கு உள்ளே மடித்து வைத்தல் என்று பொருள், பின்னதன் வேருக்கு உள்ளே கொண்டுவருதல் என்று பொருள். ஒருவர் மடித்து வைக்கிறார், மற்றவர் பிரித்து எடுத்துக்கொள்கிறார்.

நம் இலக்கணத்தில் இதற்கு அருமையான எடுத்துக்காட்டு உண்டு. ‘சாத்தனும் வந்தான்’ என்றால், வேறு எவரோ வந்தார் என்பதும் அந்த உம்மையில் அடங்கிவிடுகிறது. அதை எச்சவும்மை என்கிறோம். திருமண வீட்டில் ஓர் ஆச்சி மற்றொருவரிடம், ‘பெரியவீட்டுக்காரவுகளும் வந்திருந்தாக’ என்கிறார். மற்றவர்கள் ஏற்கெனவே வந்துவிட்டார்கள் என்று அவர் வாயால் சொல்லவில்லை, உம்மையால் இம்ப்ளை செய்கிறார். கேட்டவர், ‘அப்போ எல்லாரும் சமாதானமாயிட்டாக’ என்று இன்ஃபர் செய்கிறார். அந்த இன்ஃபரன்ஸ் தவறாகவும் இருக்கலாம். சொன்னவர் அதை மடித்து வைக்கவே இல்லை. கேட்டவர் தாமாகக் கொண்டுவந்தது அது. ‘நான் அப்படி இம்ப்ளை செய்யவில்லை, நீங்கள் இன்ஃபர் செய்துகொண்டீர்கள்’ என்ற ஒரு வாக்கியத்தில் இரண்டு சொல்லின் வேறுபாடும் முழுமையாகத் தெரிந்துவிடும்.

ஆள் மட்டுமே இம்ப்ளை செய்ய வேண்டும் என்பதில்லை, செய்தியும் செய்யும். புகை நெருப்பை இம்ப்ளை செய்கிறது. ஆனால் புகை எதையும் இன்ஃபர் செய்யாது. அதற்கு ஒரு மனம் வேண்டும்.

9. ஆபீஸ் கோப்புல ‘ஃபைனான்ஷியல் இம்ப்ளிகேஷன்ஸ்’னு எழுதுறாகளே, அதுல என்ன மடிச்சு வெச்சிருக்காக?

செலவைத்தான். பன்மையில் இம்ப்ளிகேஷன்ஸ் என்று வந்தால், பெறப்படும் கருத்து என்ற பொருளிலிருந்து நகர்ந்து, வெளிப்படையாகச் சொல்லாத ஆனால் வரக்கூடிய விளைவுகள் என்ற பொருளுக்கு அது வந்துவிடுகிறது. 1ஆம் கேள்வியில் பிரித்த இரண்டு பக்கங்களும் கலக்கும் இடம் இது. ஓர் ஆணையில் ‘பணியிடம் ஒன்று உருவாக்கப்படுகிறது’ என்று மட்டும் இருக்கும். அதற்குள் சம்பளம், படி, ஓய்வூதியம் என்று பணம் மடிந்து கிடக்கும்.

இதே குடும்பத்தில் இம்ப்ளிகேட் என்ற வினை ஒன்று உண்டு. அது குற்றத்தில் ஒருவருக்குத் தொடர்பிருப்பதாகக் காட்டுதல். ‘அவர் பெயர் உணர்த்தப்பட்டது’ என்று எண்ணி ‘ஹீ வாஸ் இம்ப்ளிகேட்டட்’ என்று எழுதினால் வம்பு.

10. இம்ப்ளையும் என்டெய்லும் ஒரே பொருள்னு படிச்சேன். பின்ன ஏன் ரெண்டு சொல்லு?

வலிமையில் வேறுபாடு. ‘அவர் வீட்டை விற்றுவிட்டார்’ என்றால் எவரோ வாங்கினார் என்பது என்டெய்ல் ஆகிறது. ‘விற்றுவிட்டார், ஆனால் யாரும் வாங்கவில்லை’ என்று ஒருவர் சொன்னால் முன்பின் முரணாகிவிடும். ‘சில மாணவர்கள் தேறினார்கள்’ என்றால் எல்லாரும் தேறவில்லை என்று நாம் கொள்கிறோம். இது வெறும் இம்ப்ளை. ‘சிலர் தேறினார்கள், ஏன், எல்லாருமே தேறினார்கள்’ என்று தொடர்ந்தால் முரண் எதுவும் இல்லை. ஆக, பின்னால் ஒரு வாக்கியம் சேர்த்து அழிக்க முடிந்தால் இம்ப்ளை, அழிக்க முடியாவிட்டால் என்டெய்ல் என்று சோதித்துக்கொள்ளலாம். தருக்கத்திலும் கணிதத்திலும் மட்டும் இம்ப்ளை என்ற சொல்லும் அந்த அழிக்க முடியாத பொருளில் வரும். பால் கிரைஸ் என்ற மெய்யியலாளர், பேச்சில் குறிப்பால் உணர்த்துவதற்கு இம்ப்ளிகேச்சர் என்று தனிச்சொல் படைத்தார். அது பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1975இல் அச்சாயிற்று.

என்டெய்லின் பழைய பொருள் நம் ஊர்க்காரர்களுக்கு எளிதில் பிடிபடும். இங்கிலாந்தின் சொத்துச் சட்டத்தில், ஒரு நிலத்தை நேர் வாரிசுகளைத் தவிர வேறெவருக்கும் போகாதபடி கட்டி வைப்பதற்கு என்டெய்ல் என்று பெயர். தன் காலத்தில் அனுபவிக்கலாம், விற்க முடியாது. பங்காளிகள் பலருக்கும் பொதுவாக நிற்கும் வளவு வீட்டை ஒருவர் மட்டும் நினைத்து விற்க முடியாமல் இருப்பதை நாம் பார்க்கிறோமே, காரணம் வேறாயினும் கட்டு ஒன்றுதான். நிலத்தோடு வாரிசு கட்டப்பட்டதைப் போல ஒரு கூற்றோடு இன்னொரு கூற்று கட்டப்பட்டிருக்கிறது என்ற எண்ணம் இந்தச் சொல்லில் இன்றும் இருக்கிறது. விளம்பரங்களில் ‘த ஜாப் என்டெய்ல்ஸ் டிராவல்’ என்று பார்த்தால், பயணம் அந்த வேலையோடு கட்டியே வருகிறது, தவிர்க்க முடியாது என்று பொருள்.

11. ஆஃப்டர்மேத், அப்ஷாட், ராமிஃபிகேஷன், ரிப்பர்கஷன், ஃபால்அவுட், கொரோலரி: செய்தித்தாள்ல வர்ற இந்தப் பெரிய சொல்லெல்லாம் மனசுல நிக்க வழி உண்டா?

ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு படம் இருக்கிறது. படத்தைப் பிடித்துக்கொண்டால் சொல் நிற்கும். ஆஃப்டர்மேத் உழவர் சொல். மேத் என்றால் புல் அறுப்பு. அறுத்த பின் மறுபடி தழைக்கும் இரண்டாம் புல்லே ஆஃப்டர்மேத். கரும்பில் மறுதாம்பு என்கிறோமே, ஏறத்தாழ அதுதான். ஆனால் இன்று அந்தப் பசுமை போய், போர், புயல், விபத்து ஆகியவற்றுக்குப் பிந்திய நிலையை மட்டுமே இச்சொல் குறிக்கிறது. திருமணத்துக்குப் பிந்திய நாளை ஆஃப்டர்மேத் என்றால் சிரிப்பார்கள். பந்தல் பிரிக்கும் நாளில் அந்த வீட்டைப் பார்த்தவர்கள் பொருத்தமே என்றும் சொல்லக்கூடும்.

அப்ஷாட் என்பது வில்வித்தைப் போட்டியின் கடைசி அம்பு. நீண்ட பேச்சின் முடிவில் ‘கடைசியில் ஆனது இதுதான்’ என்று சொல்லும் இடத்துக்கு உரியது. ராமிஃபிகேஷன் கிளைத்தல், ஒரு செயலிலிருந்து பல திசைக்கும் பிரிந்து போகும் விளைவுகள் என்பதால் பெரும்பாலும் பன்மையிலேயே வரும். ரிப்பர்கஷன் மோதித் திரும்புதல். அடித்தவர் மேலேயே திரும்பி வரும் விளைவு என்பதால், ‘முற்பகல் செய்யின் பிற்பகல் விளையும்’ என்ற பழமொழிக்கு அருகில் இதை வைத்துக்கொள்ளலாம். ஃபால்அவுட் அணுகுண்டு வெடித்தபின் வானிலிருந்து விழும் கதிரியக்கத் தூசியிலிருந்து வந்தது; நேரே அடிபடாதவர் மேலும் படிவது அதன் இயல்பு.

எனக்கு மிகவும் பிடித்தது கொரோலரி. லத்தீனில் சிறு மாலைக்கு கொரோலா என்று பெயர். மாலைக்காகக் கொடுத்த காசு, பிறகு விலைக்கு மேல் கொடுக்கும் அன்பளிப்பு என்று பொருள் நகர்ந்து, ஒரு தேற்றத்தை நிறுவியபின் தனி உழைப்பு இல்லாமல் கிடைக்கும் முடிவுக்குப் பெயராயிற்று. பள்ளிக் கணக்கில் கிளைத்தேற்றம் என்று சொல்கிறோம். சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை கொசுறாகக் கிடைக்கிறதல்லவா, அதுதான் கொரோலரி.

12. இந்தச் சொல்லுகளை எல்லாம் வெச்சு ஒரே விஷயத்தை எழுதிக் காட்ட முடியுமா? நம்ம ஊர் விஷயமா இருந்தா நல்லது.

நகரத்தார் என்ற நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்யப் போன பர்மாவை எடுத்துக்கொள்வோம். கீழ்ப் பர்மாவின் நெல் விவசாயத்துக்கு அவர்கள் கடன் கொடுத்தார்கள். 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தின் எஃபெக்ட் அரிசி விலையில் தெரிந்தது, விலை சரிந்தது. கடன் வாங்கியவர்களால் திருப்பித் தர முடியவில்லை. இது ‘ரிசல்டெட் இன்’ ஈடாக வைத்த நிலம் கைமாறுதல். 1930களின் இறுதிக்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் பெயருக்கு வந்துவிட்டது. வட்டித் தொழில் செய்பவர்களுக்கு வேண்டியது புழங்கும் பணம், நிலம் அன்று. எனவே இது அவர்கள் தேடாத கான்சிக்வென்ஸ். போட்ட முதல் எல்லாம் நிலமாக உறைந்துவிட்டது என்றால், அவசரத்துக்கு அதைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட முடியாது என்பது கொரோலரி.

நிலம் இழந்தவர்களிடம் எழுந்த கசப்பு ரிப்பர்கஷன். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. ஐந்தொகையும் பேரேடும் நிலப் பத்திரங்களுமாகத் திரும்பி வந்த காலம் ஆஃப்டர்மேத். பர்மா 1948இல் விடுதலை பெற்று, அதே ஆண்டில் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டத்தை இயற்றியது. இங்கே செட்டிநாட்டில் வீடுகளிலும் தொழில்களிலும் கோயில் திருப்பணிகளிலும் அந்த இழப்பு எட்டிய இடங்கள் எல்லாம் ராமிஃபிகேஷன்ஸ். மந்தம் தொடங்கியபோது இவற்றில் எதையும் எவரும் இன்ஃபர் செய்திருக்க முடியாது. இவை விளைவுகள், மந்தம் என்ற கூற்றிலிருந்து பெறப்படுபவை அல்ல.

13. சப்சிக்வென்ட், கான்சிக்வென்ட்: ரெண்டுமே பின்னால வர்றதுதானே?

சப்சிக்வென்ட் என்றால் நேரத்தில் பின்னால் வருவது மட்டுமே. கான்சிக்வென்ட் என்றால் முன்னதன் காரணமாகப் பின்னால் வருவது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது பழமொழி. விழுந்தது சப்சிக்வென்ட், கான்சிக்வென்ட் அன்று. ‘பள்ளியை மாற்றினோம், சப்சிக்வென்ட்லி மார்க் கூடியது’ என்று எழுதினால் காலவரிசை மட்டும் சொல்கிறீர்கள். ‘கான்சிக்வென்ட்லி’ என்று எழுதினால் அதை நிறுவும் பொறுப்பையும் ஏற்கிறீர்கள்.

ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் இதையொட்டி ‘கான்சிக்வென்ஷியல் பெனிஃபிட்ஸ்’ பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பணி நீக்கம் செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தால், அந்த முடிவைத் தொடர்ந்து சேர வேண்டிய சம்பள பாக்கி, பணிமூப்பு, பதவி உயர்வு போன்றவற்றை அச்சொல் குறிக்கும். எவை எவை என்பதை அந்தந்தத் தீர்ப்பில்தான் பார்க்க வேண்டும்.

14. இஃப், ஒன்லி இஃப், அன்லெஸ் மூணையும் மாத்தி மாத்திப் போட்டா பொருள் மாறுமா?

நன்றாக மாறும். ‘கட்டணம் கட்டினால் நுழைவுச்சீட்டு கிடைக்கும்’ என்பதை ‘இஃப்’ என்று எழுதினால், கட்டணம் ஒன்றே போதும் என்று வாக்களிக்கிறீர்கள். ‘ஒன்லி இஃப்’ என்று எழுதினால், கட்டணம் இல்லாமல் கிடைக்காது என்று மட்டும் சொல்கிறீர்கள். கட்டிய பிறகும் வருகைப்பதிவு குறைவு என்று மறுக்கலாம். முன்னது போதுமான நிபந்தனை, பின்னது தேவையான நிபந்தனை. தமிழில் ‘கட்டினால்’, ‘கட்டினால்தான்’ என்ற வேறுபாட்டில் இது முழுவதும் இருக்கிறது. ‘தான்’ வரும் இடத்தில் ஒன்லி போடுங்கள்.

அன்லெஸ் என்பதற்குள் ‘இல்லாவிட்டால்’ ஏற்கெனவே இருக்கிறது. ‘அன்லெஸ் யூ டோன்ட் பே’ என்று எழுதினால் ‘கட்டாமல் இல்லாவிட்டால்’ என்று திரும்பிப் போய்விடும். இன்னொரு தொல்லை நம் ‘ஆல்’ விகுதி. ‘மணி அடித்தால் வா’ என்பதில் மணி அடிப்பது உறுதி, எப்போது என்பதுதான் கேள்வி. அங்கே இஃப் அன்று, வென் வேண்டும்.

15. மழை பெஞ்சா வளவு முற்றம் நனையும். முற்றம் நனைஞ்சிருக்கு. அப்போ மழை பெஞ்சிருக்குன்னு ‘இட் ஃபாலோஸ்’ போடலாமா?

போடக்கூடாது. சற்று முன்தான் ஆச்சி முற்றத்தைக் கழுவி விட்டிருக்கலாம். ‘மழை என்றால் ஈரம்’ என்பதிலிருந்து ‘ஈரம் என்றால் மழை’ என்பது பெறப்படாது. அது மறுதலை, அதைத் தனியே நிறுவ வேண்டும். ஆனால் ‘முற்றம் நனையவில்லை, ஆகவே மழை பெய்யவில்லை’ என்பது உறுதியாகப் பெறப்படும். ஆங்கிலத்தில் இதைக் கான்ட்ராபாசிட்டிவ் என்பார்கள். இங்கே ‘இட் ஃபாலோஸ் தட்’ என்று தயங்காமல் எழுதலாம்.

கவனமாகப் படிப்பவர் 1ஆம் விடையில் ஊரணியிலிருந்து மழைக்குப் போனதும் இதே பிழைதானே என்று கேட்கலாம். ஒருவர் கேட்டும் விட்டார். உண்மைதான், வரத்துக்கால் அடைபட்டும் ஊரணி வற்றும். அங்கே ‘இட் ஃபாலோஸ்’ சொல்ல முடியாது. அதற்காகத்தான் ‘பொய்த்திருக்க வேண்டும்’ என்று எழுதினேன். அந்த ‘வேண்டும்’ பற்றி அடுத்த விடையில் வருகிறது.

16. பருத்த தேவதத்தன் பகலில் உண்ணான், ஆகவே இரவில் உண்பான். அருத்தாபத்திக்கு இங்கிலீஷ்ல எந்தச் சொல்லு?

தமிழாசிரியர் ஒருவர் கேட்டது. சொன்ன இரண்டு செய்தியும் பொருந்த வேண்டுமானால் சொல்லாத மூன்றாவது ஒன்றைக் கொண்டாக வேண்டும் என்பதே அருத்தாபத்தி. ஆங்கிலத்தில் அதை அப்படியே கொண்டுவரும் ஒரே சொல் கிடையாது. ‘ப்ரிசம்ப்ஷன்’ என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. ஆனால் வழக்கு ஆங்கிலத்தில் இந்த வேலையை மஸ்ட் என்ற துணைவினை செய்துவிடும்: ‘ஹீ மஸ்ட் பி ஈட்டிங் அட் நைட்.’ இந்த மஸ்ட் கட்டளை அன்று, ஊகத்தின் உறுதி. நம் ‘வேண்டும்’ என்பதற்கும் இதே இரட்டை வேலை உண்டு. ‘சாப்பிட வேண்டும்’ கட்டளை, ‘சாப்பிட்டிருக்க வேண்டும்’ ஊகம். நடந்து முடிந்ததற்கு ‘மஸ்ட் ஹேவ்’ என்று எழுதுங்கள்.

17. முன்பாதி பொய்யா இருந்தா முழு வாக்கியமும் மெய்னு கணக்கு வாத்தியார் சொல்றாரு. இது என்ன நியாயம்?

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ‘இது நடந்தால் அது நடக்கும்’ என்ற வகை வாக்கியத்தைப் பற்றிக் கோபமாகக் கேட்டது, கோபம் நியாயமானதே. ‘நீ முதல் வகுப்பில் தேறினால் சைக்கிள் வாங்கித் தருகிறேன்’ என்று ஐயா பேத்தியிடம் சொன்னார் என்று கொள்ளுங்கள். எப்போது ஐயா சொல் தவறியவர் ஆவார்? அவள் முதல் வகுப்பில் தேறி, அவர் சைக்கிள் வாங்கித் தராதபோது மட்டும். அவள் தேறாமல் போய், அவர் வாங்கித் தரவில்லையென்றால் சொல் தவறவில்லை. தேறாமல் போனாலும் மனம் பொறுக்காமல் வாங்கித் தந்தால் அப்போதும் சொல் தவறவில்லை. கணித ஏட்டில் மெய் என்று எழுதுவது இந்தச் சொல் தவறாமையை மட்டுமே. முன்பாதி பின்பாதியை உண்டாக்கியது என்றோ, இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றோ அது சொல்வதில்லை. ஆகவே, தருக்கத்தில் வரும் இம்ப்ளைஸ் குறி 1ஆம் விடையின் விளைவுப் பக்கத்தைச் சேர்ந்ததே அன்று. பேச்சு வழக்கின் இம்ப்ளையை விடவும் அது மெலிந்தது.

‘ஆனா தேறலைன்னா சைக்கிள் இல்லைன்னுதானே ஐயா சொன்னதுக்கு அர்த்தம்?’ என்று அவள் விடவில்லை. அப்படித்தான் எல்லாரும் கேட்டுக்கொள்கிறோம். ஆனால் அது ஐயா சொன்னதிலிருந்து என்டெய்ல் ஆவதில்லை. 8ஆம் விடையில் சொன்னபடி அவர் இம்ப்ளை செய்தது, இவள் இன்ஃபர் செய்தது. 10ஆம் விடையின் சோதனையை வைத்துப் பார்க்கலாம்: ‘தேறினால் வாங்கித் தருகிறேன், தேறாவிட்டாலும் வாங்கித் தருகிறேன், கவலைப்படாதே’ என்று ஐயா சொன்னால் முரண் இல்லை. அந்த இரண்டாம் பாதியை வீட்டில் கேட்டு எழுதி வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு அவள் புறப்பட்டுப் போனாள்.